வண்டிக் கொட்டகையும் வாழும் அறையும்

வீடு வளர்கிறது, நிலம் வளர்வதில்லை. இவ்வுண்மையை நமது கிழக்குக் கரையோர மக்களைவிட நன்கு அறிந்தவர் இலர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிலிருந்து தெற்காகப் பெரிய வீதியில் செல்லும் பயணிக்கு, ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றோர் ஊர் எங்கே தொடங்கியது என்பது புலப்படுவதில்லை. கிழக்கே கடல்; மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பிலே தலைமுறை தலைமுறையாக வளவுகளைப் பிரித்து, மதில் எழுப்பி, வீட்டோடு வீடு ஒட்டி வாழ்ந்து வருகின்றோம்.

இத்தகைய ஊரில் வெறுமனே கிடக்கும் இடம் எதுவும் கண்ணுக்குத் தப்பாது. வண்டி இல்லாத வண்டிக் கொட்டகை அவற்றுள் முதன்மையானது. பேச்சு வழக்கில் 'கராஜ்' என்கின்றோம்; பிரெஞ்சு மொழியிலிருந்து உலகெங்கும் பரவிய சொல் அது. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிக்கும் பெரும் விலை கிடைத்தது, விற்றவர் பலர். வண்டி போயிற்று, கொட்டகை நின்றது. அதனை அறையாக்கலாமே என்னும் எண்ணம் எந்தக் குடும்பத் தலைவருக்கும் எழுதல் இயல்பே. அவ்வெண்ணம் எழுந்த ஒரு வீட்டின் கதையையும், அதனையொட்டி நாம் அறிந்துகொண்ட சட்டத்தையும் இவ்வாரம் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

ஒரு வீட்டின் கதை

நமக்கு அறிமுகமான அப்பெரியவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் புதல்வியர் இருவர். மூத்தவளுக்கு மணமாகிவிட்டது. இளையவளுக்கு நாள் குறித்தாயிற்று. நம் பகுதியின் வழமை நேயர்கள் அறிந்ததே. மணமகன் பெண் வீட்டுக்கு வருகின்றான். வீடு மகளுக்குச் சீதனமாகின்றது. பெற்றோர் மெல்ல ஒதுங்கிப் பின்கட்டிலோ, பக்கத்துச் சிறுவீட்டிலோ குடிபுகுகின்றனர். முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் பொதுவாக நிலவும் இவ்வழமையை அக்கரைப்பற்றிலே பல்லாண்டு தங்கி ஆராய்ந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. அவர் 2008 இல் வெளியிட்ட பெருநூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். அயலவர் ஒருவருக்கு ஆராய்ச்சிப் பொருளாக அமைந்த இவ்வழமை நமக்கோ அன்றாட வாழ்க்கை.

பெரியவர் ஒதுங்குவதற்குத் தெரிந்தெடுத்த இடம் வண்டிக் கொட்டகை. மேசன் ஒருவரை அழைத்துக் காட்டினார். அவரும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூன்று பக்கமும் சுவர் நிற்கிறது, கூரையும் இருக்கிறது. முன்பக்கத்தை அடைத்து ஒரு கதவும் ஒரு ஜன்னலும் வைத்தால் அறை ஆயிற்று. இரண்டு கிழமை வேலை. இதற்கெல்லாமா சபைக்குப் போவது?" என்றார். விலையும் பேசி முடிந்தது. மறுநாளே சீமெந்துக் கற்கள் வாசலில் வந்து இறங்கின.

அன்று மாலை மூத்த மகள் வந்தாள். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள். கொட்டகைக்குள் நுழைந்து சற்று நேரம் நின்றாள். பின்பு, "வாப்பா, உம்மாவுக்கு இழுப்பு வருமே. இந்த அறைக்குக் காற்று எந்தப் பக்கத்தால் வரும்?" என்று கேட்டாள்.

எவரும் மறுமொழி கூறவில்லை. கூறுவதற்கு மறுமொழி இருக்கவும் இல்லை. கொட்டகையின் பின்சுவரும் வடசுவரும் எல்லை மதிலின் மேலேயே எழுப்பப்பட்டவை. அவற்றுக்கு அப்பால் அயலவர் வளவு. தென்சுவர் வீட்டுச் சுவர். திறப்பதற்கு எஞ்சியது முன்பக்கம் ஒன்றே. அதன் வழியாக வருவது ஒழுங்கையின் புழுதி. தலைக்கு மேலே மெல்லிய அஸ்பெஸ்டஸ் தகடு. காலுக்குக் கீழே ஒழுங்கையோடு மட்டமான தரை. வண்டி உள்ளே உருண்டு வருவதற்கு வாய்ப்பாக அமைந்த அத்தரை மழைநீருக்கும் அதே வாய்ப்பை அளித்தது.

மறுநாள் மேசன் வந்தபோது, வேலையைத் தொடங்க வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். மாநகர சபையின் நடைமுறைகளை நன்கு அறிந்த வரைஞர் ஒருவர் அழைக்கப்பட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மவருட் பலர், நான்கு சுவரை எழுப்பினால்தான் சட்டம் விழித்துக்கொள்ளும் என்றும், உள்ள சுவருக்குள் என்ன செய்தாலும் அது வீட்டுக்காரர் விருப்பம் என்றும் எண்ணுகின்றனர். இது பிழை. பிழை என்பதை இன்று நேற்றன்று, நூறாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுச் சட்டம் தெளிவாக்கிவிட்டது.

1914 ஆம் ஆண்டிலே கொழும்பில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றியது. காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் அது பரவியது. பிரித்தானியாவில் வீடமைப்புக்கும் நகரத் திட்டத்துக்குமான சட்டம் 1909 இலேயே வந்துவிட்டது. இலங்கையில் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கமாக நிறைவேறியது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒரு கட்டிடத்தில் 'மாற்றம்' என்பது யாது என்று அது பட்டியலிட்டுக் கூறுகிறது. வெளிச்சுவரில் உள்ள கதவையோ ஜன்னலையோ அடைத்தல், உட்சுவர் எழுப்புதல், கூரையிடுதல், புதிய அறையைச் சேர்த்தல் ஆகியவற்றோடு, மனிதர் வசிப்பதற்கென்று கட்டப்படாத ஒரு கட்டிடத்தை வசிக்கும் இடமாக மாற்றுதலும் அப்பட்டியலில் உண்டு. வண்டிக் கொட்டகை வண்டிக்காகக் கட்டப்பட்டது. அதில் மனிதர் படுத்துறங்கத் தொடங்கும்போது, ஒரு செங்கல்லும் நகராவிட்டாலும் அதன் தன்மை மாறிவிடுகின்றது. ஆகவே முன்னனுமதி வேண்டும்.

பின்னர் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரமின்றிக் கட்டிட வேலை செய்தல் கூடாது; காணியின் அல்லது கட்டிடத்தின் பயன்பாட்டை மாற்றுதலும் கூடாது. எனினும் அச்சட்டம் இல்லத்தவர் மீது இரக்கமற்றதன்று. வீட்டு வளவுக்குள் வீட்டு வாழ்வுக்குத் துணையாக ஓர் இடத்தைப் பயன்படுத்துவதை, புதிய கட்டிடப் படம் வேண்டப்படும் வேலை எதுவும் இல்லாதவரையில், அது விலக்கி வைத்திருக்கிறது. கொட்டகையில் நெல் மூட்டையை அடுக்குங்கள், சைக்கிளை நிறுத்துங்கள், பிள்ளைகள் மழைக்காலத்தில் ஓடி விளையாடட்டும், எவரும் கேளார். முன்பக்கத்தை அடைத்துக் கட்டிலைப் போடும்போதுதான் கேள்வி பிறக்கின்றது.

இச்சட்டத்தின் கீழ் 1986 இல் ஆக்கப்பட்ட திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகள் முப்பத்தைந்து ஆண்டுகள் வழங்கின. அவற்றின் இடத்தில் 2021 ஜூலையில் புதிய ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. நம் பகுதியில் இவற்றை நடைமுறைப்படுத்துவோர் உள்ளூராட்சி மன்றத்தினரே. கல்முனையார் மாநகர சபைக்கும், காரைதீவார், நிந்தவூரார் தத்தம் பிரதேச சபைக்கும் செல்லல் வேண்டும்.

ஐந்து கேள்விகள்

மாணவ நேயர்கள் இவ்விதிகளை மனனஞ் செய்ய வேண்டுவதில்லை. ஐந்து கேள்விகளை நினைவில் வைத்தாற் போதும். அவற்றுள் முதலாவது அந்த மூத்த மகள் கேட்ட அதே கேள்விதான்.

காற்றும் ஒளியும் எவ்வழியால் வரும்? வீட்டின் ஓர் அறைக்குத் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்குக்குக் குறையாத திறப்பு வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டிட விதிகளில் நெடுங்காலமாக வழங்கும் அளவு. பத்தடி அகலமும் பதினான்கடி நீளமும் உடைய கொட்டகையின் பரப்பு 140 சதுர அடி. அதில் ஏழில் ஒரு பங்கு 20 சதுர அடி. நான்கடி அகலமும் மூன்றடி உயரமும் உடைய ஜன்னல் ஒன்று 12 சதுர அடியே தரும். அத்தகைய இரண்டு வேண்டும். அவை வானத்தைப் பார்த்த வெளியில் திறக்க வேண்டும். எல்லைச் சுவரைத் துளைத்து அயலவர் வளவுக்குள் ஜன்னல் வைத்தலாகாது. இன்று திறந்திருக்கும் அயல் வளவில் நாளை வீடு எழுந்தால் அந்த ஜன்னல் குருடாகிவிடுமன்றோ? அயலவர் வீட்டுப் பெண்டிரின் மறைவையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தரை எவ்வளவு உயரத்தில் உள்ளது? நம் கரையோரத்தில் மாரி மழை பொழியும்போது வயலில் நிறைந்த நீர் ஊருக்குள் ஏறுவதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். 2011 ஜனவரியில் கண்டோம். 2024 நவம்பரிலும் கண்டோம். ஒழுங்கை மட்டத்தில் உள்ள தரையை உயர்த்தினால் கூரை தலைக்கு நெருங்கும். அறையின் உயரத்துக்கும் விதியில் அளவு உண்டு. ஆதலால் தரையை உயர்த்துவோர் கூரையையும் உயர்த்த வேண்டியவராகின்றனர். மேசன் சொன்ன இரண்டு கிழமைக் கணக்கு இவ்விடத்தில்தான் உடைகின்றது.

சுவர் எதைத் தாங்கும்? வண்டிக்குக் கட்டிய சுவர் பெரும்பாலும் மெல்லியது. மணலில் ஆழமற்ற அத்திவாரத்தின்மேல், கட்டுவளையம் இன்றி நிற்பது. தகட்டின் பாரத்தைத் தாங்கிய சுவர் கொங்கிரீட் தட்டைத் தாங்குமென்று கருதுதல் ஆபத்து. மேலே ஒரு மாடி கட்டும் எண்ணம் பின்னொரு நாள் எழக்கூடுமாயின், அதனையும் இப்பொழுதே வரைஞரிடம் சொல்லிவிடுதல் நன்று.

கழிவுநீர் எங்கே போகும்? முதியவருக்கு அறை அமைப்போர் அதனுடன் குளியலறையும் மலசலகூடமும் சேர்க்க விரும்புவது நியாயமே. ஆனால் நம்முடையது மணற்றரை. நீர்மட்டம் மிக அண்மையில் உள்ளது. மலக்குழியின் நீர் மணலூடாக ஓடிக் கிணற்றைச் சேர்வதற்கு அதிக நாள் செல்லாது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பது அடியாவது இருக்கட்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறுவது இதனாலேயே. நமது கிணற்றை மட்டுமன்றி, மதிலுக்கு அப்பால் உள்ள அயலவர் கிணற்றையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். சிறு வளவில் இது கடினமான கணக்கு. பழைய குழியையே பயன்படுத்தலாமா, அது இரு குடும்பத்துக்குப் போதுமா என்பதை முதலில் தெளிந்துகொள்க.

வண்டி எங்கே நிற்கும்? கொட்டகையை அடைத்த வீட்டில் என்றாவது ஒருநாள் மீண்டும் வண்டி வரும். மருமகனின் முச்சக்கர வண்டியேனும் வரும். உள்ளே இடமில்லையேல் அது ஒழுங்கையில் நிற்கும். நம் ஒழுங்கைகளோ ஒரு வண்டி நின்றால் மறு வண்டி செல்ல இயலாதவை. நள்ளிரவில் நோயாளியை ஏற்ற வரும் அம்புலன்ஸுக்கும், ஜனாஸாவைச் சுமந்து செல்வோருக்கும், தீயணைக்க வருவோருக்கும் அவ்வழியே வழி. இக்காரணத்தால் ஒழுங்குவிதிகள் வாகனத் தரிப்பிடத்துக்கும் கணக்குக் கேட்கின்றன.

கடல் கற்பித்த பாடம்

கடலை நோக்கிய ஒழுங்கைகளில் வசிப்போருக்கு ஆறாவது கேள்வியும் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதி கரையோர வலயத்துள் அடங்கும். அதனுள் அபிவிருத்தி வேலை செய்வதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டப்படும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஞாயிறு காலை வந்த ஆழிப் பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. இலங்கையின் எந்த மாவட்டத்திலும் அவ்வளவு பேர் மாளவில்லை. அடுத்த ஆண்டு அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டிடமற்ற வலயமாக இருத்தல் வேண்டுமென்று அறிவித்தது. நம் ஊர்களில் 200 மீற்றர் என்பது ஊரின் கணிசமான பங்கு. வீடு இழந்தோர் அதே நிலத்தில் மீண்டும் கட்டவும் இயலாமல், வேறு நிலம் பெறவும் இயலாமல் தவித்தனர். 2005 இன் இறுதியில் அவ்விதி தளர்த்தப்பட்டது.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். மக்களின் இடநெருக்கடியை எண்ணாது வகுக்கும் விதி நிலைக்காது என்பது ஆள்வோருக்கு உரிய பாடம். விதி தளர்ந்தாலும் கடல் தளர்வதில்லை என்பது நமக்கு உரிய பாடம். முதியவரின் அறையை வளவின் கடற்பக்க மூலையில், ஒரே ஒரு வாசலோடு அமைப்பவர் அந்த ஞாயிறு காலையை ஒருகணம் நினைத்துக்கொள்ளட்டும். விரைந்து ஓட இயலாதவர்க்கே விரைந்து வெளியேறும் வழி வேண்டும்.

பிற நாடுகளில்

இஃது இலங்கையில் மட்டும் உள்ள இடர்ப்பாடு அன்று. இங்கிலாந்தில் வீட்டோடு சேர்ந்த கொட்டகையை அறையாக்குவதற்குப் பெரும்பாலும் திட்டமிடல் அனுமதி வேண்டப்படுவதில்லை. எனினும் கட்டிட ஒழுங்குவிதிகளின் கீழ் அனுமதி பெறுதல் அவசியம்; சுவர், காற்றோட்டம், ஈரத் தடுப்பு, தீயிலிருந்து தப்பும் வழி ஆகியவை பரிசோதிக்கப்படும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டுப் பஞ்சம் பெரிது. அங்கே 2017 முதல் கொட்டகைகளைச் சிறு குடியிருப்புகளாக்குவதை எளிதாக்கும் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 2020 முதல், கொட்டகை போனதற்கு ஈடாக வேறு தரிப்பிடம் காட்ட வேண்டும் என்னும் நிபந்தனையும் நீக்கப்பட்டது. வண்டிக்கு உரிய விதியை அங்கே தளர்த்தினார்கள். மனிதருக்கு உரிய விதியைத் தளர்த்தினார்களில்லை. காற்றும், வெளிச்சமும், வெளியேறும் வழியும் வேண்டும் என்பதில் இரு நாட்டாரும் ஒருமித்து நிற்பதை நோக்குக.

கையெழுத்து யாருடையது?

இனி நம் பெரியவரின் வீட்டுக்கு மீள்வோம். வரைஞர் அளந்து படம் வரைந்தார். பின்சுவரை எல்லையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டி, இடையே ஒரு வெளியை வானம் பார்க்க விடவேண்டும் என்றார். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. "இருப்பதே சிறிய அறை, அதிலும் வெட்டுவதா?" என்று கேட்டார். "அறை சிறிதானால் ஓர் அலுமாரி குறையும், காற்று இல்லையேல் உம்மா குறைவார்" என்று மூத்த மகள் கூறியதும் அவர் வாய் மூடினார்.

விண்ணப்பப் படிவம் வந்தது. பெரியவர் தம் அழகிய கையெழுத்தால் தம் பெயரை எழுதத் தொடங்கினார். வரைஞர் மெல்லத் தடுத்து, "உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது?" என்று கேட்டார். அறையில் அமைதி நிலவியது. வீடும் வளவும் சென்ற மாதமே இளைய மகளின் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டன. விண்ணப்பிக்க வேண்டியவர் காணிக்கு உரியவர். முப்பது வருடச் சம்பளத்தில் அந்த வீட்டைக் கட்டியவர், தாம் படுத்துறங்கும் அறைக்காகத் தம் மகளின் கையெழுத்தை வேண்டி நின்றார்.

மணப்பெண் உள்ளேயிருந்து வந்தாள். படிவத்தைப் பார்த்தாள். "வாப்பா கட்டிய வீட்டில் வாப்பாவின் அறைக்கு என் கையெழுத்தா?" என்றாள். கையெழுத்திட்டாள். பின்பு அவளாகவே ஒன்று சொன்னாள்: "உறுதியிலும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஏதாவது எழுத வேண்டும்."

அவள் சொன்னது நம் கரையோரப் பெற்றோர் அனைவரும் சிந்திக்க வேண்டியது. சீதன உறுதி எழுதும்போதே பெற்றோர் தமக்குச் 'சீவிய உரித்து' வைத்து எழுதலாம். காணி மகளுக்கு உரியதாகும். பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அங்கே வாழும் உரிமை அவர்களுக்கு எஞ்சும். இதனைக் கேட்டால் சம்பந்தி வீட்டார் தவறாக எண்ணுவரோ என்று பலர் கூசுகின்றனர். கூச்சப்பட வேண்டிய காரியம் இதில் யாதுமில்லை. பிள்ளைகளின் அன்பில் ஐயம் கொண்டு எழுதுவதன்று அது. அன்பு வாயோடு போகாமல் எழுத்திலும் நிற்கட்டும் என்பதற்காக எழுதுவது. உறுதி முன்பே எழுதப்பட்டிருப்பின், என்ன செய்யலாம் என்பதை நொத்தாரிசு ஒருவரிடம் கேட்டறிக.

செய்யவேண்டிய முறை

கொட்டகையை மாற்ற எண்ணுவோர் பின்வரும் ஒழுங்கில் காரியத்தைத் தொடங்கினால் அலைச்சல் குறையும். உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தையும் முதலில் எடுத்து வைக்கவும். வீட்டின் பழைய அனுமதிப் படம் இருந்தால் அதனையும் தேடிப் பிடிக்கவும். அதில் கொட்டகை காட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கவும். சோலைவரி நிலுவை இருப்பின் செலுத்திவிடவும். பின்பு தகுதிபெற்ற வரைஞரைக் கொண்டு படம் வரைவித்து, சபையில் விண்ணப்பம் கொடுக்கவும். வீதிக் கோடும் கட்டிடக் கோடும் எங்கே செல்கின்றன என்பதை அங்கேயே விசாரித்தறியவும். பெரிய வீதியை ஒட்டிய வளவாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கருத்தும் கேட்கப்படும். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்ப்பர். அவர்கள் வரும் நாளில் குழியின் மூடியும் கிணறும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருங்கள்.

அனுமதி கையில் கிடைத்த பின்னரே முதற்கல்லை வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1915 இன் சட்டம் இவ்விடயத்தில் சுவையான ஒரு விதியைக் கொண்டுள்ளது: சான்றிதழ் கிடைக்கும்வரை புதிய கட்டிடத்தில் காவற்காரரைத் தவிர வேறெவரும் குடியிருத்தலாகாது! நாளை வங்கியில் கடன் கேட்கும்போதும், காணியை விற்கும்போதும் முதலிற் கேட்கப்படுவன அனுமதிப் படமும் இச்சான்றிதழுமே.

கொட்டகையைக் கடையாக்குவோருக்கும், மாலை வகுப்பு நடத்துவோருக்கும், மருதமுனையில் தறி வைப்போருக்கும் ஒரு சொல். வசிக்கும் வளவில் வியாபாரமோ தொழிலோ புகும்போது பயன்பாடு மாறுகின்றது. அதனை விண்ணப்பத்தில் மறையாது கூறுக. வியாபாரத்துக்குரிய அனுமதிப்பத்திரம் வேறு, கட்டிட அனுமதி வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அனுமதியின்றிக் கட்டினால் என்னாகும்? வேலையை நிறுத்துமாறும், கட்டியதை அகற்றுமாறும் கட்டளை வரும். பணியாவிடின் விடயம் நீதவான் மன்றத்துக்குச் செல்லும். இடிக்கும் கட்டளையும் பிறக்கலாம். முன்னமே கட்டிவிட்டோர் அஞ்சி ஒளியாமல் சபைக்குச் சென்று, உரிய கட்டணம் செலுத்தி முறைப்படுத்த வழியுண்டா என்று கேட்டல் அறிவுடைமை. விதிக்கு அமைந்த கட்டிடத்துக்கு வழி பிறக்கும். விதிக்கு மாறான சுவருக்கு எக்கட்டணமும் காற்றைத் தராது.

அலுவலகங்களில் காலம் வீணாகின்றது, கோப்பு நகர்வதில்லை என்னும் முறைப்பாடு நம் மக்களிடம் உண்டு. அதில் உண்மை இல்லையென நாம் கூறமாட்டோம். இரண்டு கிழமை வேலைக்கு இரண்டு மாதம் காத்திருக்கச் செய்தால் ஏழை எவ்வாறு சட்டத்தை மதிப்பான்? சிறு மாற்றங்களுக்கு விரைந்து விடையளிப்பது சபைகளின் கடமை. அக்கடமையை அவர்கள் மறந்தாலும், உம்மாவின் மூச்சு நம் பொறுப்பில்தான் இருக்கின்றது.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. அனுமதி அதற்குப் பின்னரே வந்தது. அதுவரை பெரியவரும் மனைவியும் பெரிய வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தனர். வந்த மருமகன், அவர்கள் அவசரப்பட்டு வெளியேறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். செலவும் மேசன் சொன்ன கணக்கைத் தாண்டிற்று. ஓர் அலுமாரி மூத்த மகளின் வீட்டுக்குப் போயிற்று. தரை உயர்ந்தது, கூரை உயர்ந்தது, பின்னே சிறு வெளி பிறந்தது. அண்மையில் நாம் சென்றிருந்தபோது, அந்த வெளியில் ஒரு தேசிக்கன்று நின்றது. ஜன்னலருகே அம்மூதாட்டி அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பிற்பகல், கடற்காற்று வீசும் நேரம். ஜன்னற் சீலை மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

வண்டிக்கு வேண்டியது கூரை ஒன்றே. மனிதருக்கு அதற்கு மேலும் வேண்டும். அந்த 'மேலும்' என்பதையே சட்டம் அடிக் கணக்கிலும் மீற்றர்க் கணக்கிலும் எழுதி வைத்திருக்கின்றது. நம் பெற்றோருக்கு அறை அமைக்கும்போது, சபை கேட்பதற்கு முன்னரே அதனை நாம் கேட்டுக்கொள்வோமாக: காற்று எந்தப் பக்கத்தால் வரும்?